கீமோ முடிந்த பிறகும் நீங்காத மந்தம்: கவனம், மறதி, வேலை

மார்பகப் புற்றுநோய்க்கான கடைசி கீமோதெரபி முடிந்து சில மாதங்கள் ஆகியிருக்கும். முடி வளரத் தொடங்கிவிட்டது. இரத்தப் பரிசோதனையில் குறையில்லை, ஸ்கேனும் சுத்தம். ஆனாலும் நன்றாகத் தெரிந்த சொல் பேச்சின் நடுவே நாக்கில் வராமல் நிற்கிறது. ஒரே மின்னஞ்சலை மூன்று முறை படித்தும் மனத்தில் ஏறவில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டுத் தொலைபேசியை எடுத்தால் பாலின் நினைவே போய்விடுகிறது. இதை வெளியே சொன்னால் பெரும்பாலும் இரண்டில் ஒரு பதில்தான் கிடைக்கும்: “வயசானா எல்லாருக்கும் அப்படித்தான்” அல்லது “டிமென்ஷியாவா இருக்குமோ?”

பெரும்பாலோர் விஷயத்தில் இரண்டுமே சரியில்லை. உண்மையில் என்ன நடக்கிறது, அதில் எதை மாற்ற முடியும் என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

எதைக் குறித்துப் பேசுகிறோம்

நோயாளிகள் இதைக் “கீமோ பிரெய்ன்” என்கிறார்கள். மருத்துவ ஏடுகளில் இதற்குப் புற்றுநோய் சார்ந்த அறிதிறன் குறைபாடு என்று பெயர். கவனித்தல், நினைவில் வைத்தல், திட்டமிடுதல், சொல்லைத் தேடி எடுத்தல் ஆகிய மூளையின் அன்றாட வேலைகளைச் சேர்த்து அறிதிறன் என்கிறோம்.

இது அரிதான ஒன்றல்ல. அமெரிக்காவில் மார்பகப் புற்றுநோய் நோயாளிகள் 581 பேரையும் புற்றுநோய் இல்லாத பெண்கள் 364 பேரையும் ஒப்பிட்ட பெரிய ஆய்வு ஒன்று 2017இல் வெளியானது. கீமோவுக்கு முன்பிருந்த நிலையைவிடத் தங்கள் அறிதிறன் குறைந்துவிட்டதாகக் கீமோ முடிந்த கையோடு சொன்ன நோயாளிகள் 45.2 விழுக்காடு. ஆறு மாதம் கழித்தும் அப்படிச் சொன்னவர்கள் 36.5 விழுக்காடு. ஒப்பீட்டுக் குழுவில் அந்த விகிதங்கள் 10.4, 13.6 மட்டுமே. ஆகவே வயதின் கணக்கில் இதை எழுதிவிட முடியாது.

அதே நேரத்தில், இது பெரும்பாலும் ஏறிக்கொண்டே போகும் நோயுமல்ல. கீமோவும் ஹார்மோன் சிகிச்சையும் பெற்றவர்களை ஹார்மோன் சிகிச்சை மட்டும் பெற்றவர்களோடு ஒப்பிட்ட இன்னோர் ஆய்வு 2020இல் வந்தது. 3, 6 மாதங்களில் கீமோ பெற்றவர்களின் நிலை கூடுதலாகச் சரிந்திருந்தது. 12 மாதம் முதல் 36 மாதம் வரை பார்த்தபோது இரு குழுக்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இதில் மகிழ ஒன்றும் யோசிக்க ஒன்றும் இருக்கிறது. கீமோவின் கூடுதல் பாதிப்பு காலத்தோடு குறைகிறது. ஆனால் கீமோ பெறாதவர்களுக்கும் ஓரளவு சரிவு இருந்தது. மருந்து ஒன்றே குற்றவாளி என்று முடிவுகட்டினால் மற்ற காரணங்கள் தப்பித்துக்கொள்ளும்.

மறதி என்று நாம் சொல்வது பெரும்பாலும் மறதியே அல்ல

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். பாதிக்கப்படுவது பெரும்பாலும் இந்த நான்கு:

1. கவனம். ஒன்றைச் செய்யும்போது இடையில் வரும் சத்தம், அழைப்பு, கேள்வி ஆகியவற்றைத் தள்ளிவைக்க முடிவதில்லை.
2. வேகம். புரியாமல் இல்லை, புரிய நேரமாகிறது. கூட்டத்தில் எல்லாரும் அடுத்த பேச்சுக்குப் போன பிறகுதான் முந்தையது விளங்குகிறது.
3. செயல் நினைவு. அனுப்பி வந்த ஆறு எண்களைத் திரையில் தட்டும்வரை மனத்தில் பிடித்து வைக்கும் திறன்.
4. திட்டமிடலும் மாறி மாறிச் செய்வதும். சாதம், சாம்பார், பொரியல் மூன்றையும் ஒரே நேரத்தில் முடிப்பது பார்ப்பதற்கு எளிது. மூளைக்கு அது கடுமையான வேலை.

தகவல் உள்ளே போய்ச் சேமிக்கப்படுவதற்கே கவனம் வேண்டும். கவனம் நழுவிய நேரத்தில் சொன்னது பதிவாவதே இல்லை. அதைப் பிறகு நினைவுபடுத்த முயல்வது வாசலைத் தாண்டி உள்ளே வராத விருந்தாளியை வீடெல்லாம் தேடுவது போன்றது. மருந்துகள் பழைய நினைவுகளை அழித்துவிட்டன என்று பயப்படுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பழையவை அநேகமாக அப்படியே இருக்கின்றன. புதியவை நுழையும் இடத்தில்தான் தடங்கல்.

டிமென்ஷியாவிலிருந்து இதைப் பிரித்துப் பார்க்கவும் இது உதவும். கீமோவுக்குப் பிந்தைய மந்தத்தில் ஒரு குறிப்புச் சொன்னால் பெரும்பாலும் நினைவு வந்துவிடும். அல்ஸைமர் நோயில் குறிப்புக் கொடுத்தாலும் பெரிதாகப் பயனிருக்காது. இங்கே குறையை முதலில் கவனித்துக் கவலைப்படுவது நோயாளியே. டிமென்ஷியாவில் பெரும்பாலும் குடும்பத்தார்தான் முதலில் கவனிக்கிறார்கள்.

சோதனையில் ஏன் சரியாக வருகிறது

மருந்தகத்தில் பத்து நிமிடத்தில் செய்யும் 30 மதிப்பெண் நினைவுச் சோதனைகள் டிமென்ஷியாவைக் கண்டுபிடிக்க அமைந்தவை. அமைதியான அறையில், ஒரு நேரத்தில் ஒரே வேலையைக் கேட்டால் கீமோ பெற்றவர் நன்றாகவே செய்துவிடுவார். தடுமாற்றம் வருவது பிற்பகல் மூன்று மணிக்கு, நான்கு பேர் பேசும் அலுவலகத்தில். மேலும், முன்பு 30க்கு 30 எடுத்திருக்கக்கூடியவர் இப்போது 27 எடுத்தால் ஏட்டில் அது “இயல்பு”. அவரளவில் அது இறக்கம்.

அதனால்தான் நோயாளி தாமே நிரப்பும் கேள்வித்தாள்கள் இத்துறையில் முக்கியமாகின்றன. பரவலாகப் பயன்படுவது ஃபேக்ட்-காக். அதில் எத்தனை புள்ளி மாறினால் அது நோயாளியின் வாழ்வில் உண்மையான மாற்றம் என்பதைக் கணித்த ஆய்வு சிங்கப்பூரில், இங்குள்ள மார்பகப் புற்றுநோய் நோயாளிகளிடமே நடந்தது. 6.9 முதல் 10.6 புள்ளி வரை என்பது 2014இல் வெளியான அதன் விடை. மருத்துவரிடம் “மறதியா இருக்கு” என்று மட்டும் சொல்வதைவிட, இத்தகைய கேள்வித்தாள் ஒன்றைச் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் நிரப்பியிருந்தால் பேச்சுக்கு ஒரு பிடி கிடைக்கும்.

நோயாளி சொல்லும் குறைக்கும் சோதனை மதிப்பெண்ணுக்கும் பெரும்பாலும் பொருத்தம் குறைவு. சொல்லும் குறை சோர்வோடும் மனத்தளர்ச்சியோடும்தான் அதிகம் ஒட்டி நிற்கிறது. “எல்லாம் மனப்பிரமை” என்று இதற்குப் பொருளில்லை. சோர்வும் மனத்தளர்ச்சியும் கவனத்தை நிஜமாகவே தின்கின்றன. அவற்றுக்குச் சிகிச்சையும் உண்டு.

காரணங்கள் ஒன்றின்மேல் ஒன்று

அழற்சி முதலில். டாக்ஸோரூபிசின் போன்ற கீமோ மருந்து மூளைக்குள் எளிதாக நுழைவதில்லை. ஆனால் அது உடலில் தூண்டிவிடும் அழற்சிப் புரதங்கள் மூளையைப் பாதிக்கின்றன. இங்குள்ள மார்பகப் புற்றுநோய் நோயாளிகள் 99 பேரிடம் நடந்து 2015இல் வெளியான ஆய்வில், இன்டர்லூக்கின்-1 பீட்டா என்ற அழற்சிப் புரதம் அதிகமாக இருந்தவர்களின் வினைவேகம் குறைவாக இருந்தது. அதுவும் இன்டர்லூக்கின்-6 என்ற இன்னொரு புரதமும் கூடியிருந்தவர்கள் தடுமாற்றத்தையும் கூடுதலாகச் சொன்னார்கள். மரபணுவுக்கும் பங்கிருக்கலாம்.

அடுத்தது ஹார்மோன். நாற்பது வயதுப் பெண்ணுக்குக் கீமோவால் மாதவிடாய் திடீரென நின்றால், பல ஆண்டுகளில் படிப்படியாக வரவேண்டிய மாற்றம் சில மாதங்களில் வந்துவிடுகிறது. பின்னர் டமாக்ஸிஃபென், லெட்ரோஸோல், அனஸ்ட்ரோஸோல் போன்ற ஹார்மோன் சிகிச்சை மாத்திரைகளை 5 முதல் 10 ஆண்டுகள் உட்கொள்ள வேண்டியிருக்கும். இரவில் உடல் கொதித்து வியர்த்து நான்கு முறை விழித்தவருக்கு மறுநாள் கவனம் எங்கிருந்து வரும்?

பிறகு, கீமோவோடு சேர்ந்து வரும் துணை மருந்துகள். இவற்றை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. டாஸிடேக்ஸல் என்ற கீமோ மருந்துடன் கொடுக்கும் டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு தூக்கத்தைக் கெடுக்கும். பாக்லிடேக்ஸலுக்கு முன் கொடுக்கும் ஒவ்வாமைத் தடுப்பு மருந்து அன்று முழுதும் மயக்கநிலையில் வைக்கும். அந்த நாளில் வண்டி ஓட்டக் கூடாது.

இவற்றோடு நோயின் அதிர்ச்சி, அறுவை சிகிச்சை, பணக்கவலை. நோயாளிகளில் சிலருக்குக் கீமோ தொடங்கும் முன்பே சோதனை மதிப்பெண் குறைந்திருப்பதற்கு இவையும் காரணம்.

முதலில் சரிசெய்யக்கூடியதைத் தேடுங்கள்

“இது பழகிப்போயிடும்” என்று வீட்டுக்கு அனுப்பப்படுவதற்கு முன் அடுத்த சந்திப்பில் கேட்டுப் பார்க்க வேண்டியவை இவை.

1. ஹீமோகுளோபின், இரும்புச் சத்து.
2. தைராய்டு. நோயெதிர்ப்பு மருந்தான பெம்ப்ரோலிஸுமாப் பெற்றவர்களுக்குத் தைராய்டு மந்தமாகும் வாய்ப்பு கூடுதல். சோர்வு, மலச்சிக்கல், மந்தம் எல்லாவற்றையும் கீமோவின் தலையில் போட்டுவிட்டு இதை விட்டுவிடுவதுண்டு.
3. வைட்டமின் பி12. நம்மவர்கள் குறிப்பாகக் கேட்க வேண்டியது இது. சைவ உணவு ஒரு காரணம். நீரிழிவுக்காகப் பல ஆண்டுகள் மெட்ஃபார்மின் சாப்பிடுவது இன்னொரு காரணம். இரண்டும் சேர்ந்தவர்கள் நம்மிடையே நிறையப் பேர். பி12 குறைந்தால் மறதியும் வரும், விரல் மரத்தும் போகும். டாஸிடேக்ஸல், பாக்லிடேக்ஸல் போன்ற டேக்ஸேன் வகைக் கீமோவும் விரலை மரக்கச் செய்வதால் பி12 பக்கம் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.
4. தூக்கம். குறட்டை, இரவில் மூச்சுத் திணறி விழித்தல், பகலில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போதல் இருந்தால் தூக்க மூச்சுத்தடை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.
5. மருந்துப் பட்டியல். நரம்பு வலிக்குக் கொடுக்கும் அமிட்ரிப்டிலின், காபாபென்டின், பிரெகாபலின். தூக்கத்துக்கோ குமட்டலுக்கோ கொடுத்த லோராஸெபம். சளிக்காகக் கிளினிக்கில் வாங்கிய குளோர்ஃபெனிரமின். எல்லாமே மந்தப்படுத்தும். எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு மருந்தாளரிடம் காட்டுங்கள். தாமாக நிறுத்த வேண்டாம்.
6. மனத்தளர்ச்சியும் பதற்றமும். மருந்து தேவைப்பட்டால், டமாக்ஸிஃபென் உட்கொள்வதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். பரோக்ஸெட்டின், ஃப்ளுவாக்ஸெட்டின் ஆகியவை டமாக்ஸிஃபென் உடலில் செயல்படு வடிவுக்கு மாறுவதைத் தடுக்கும். வென்லஃபாக்ஸின் போன்ற மாற்று இருக்கிறது.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

கீமோ மந்தம் மெல்ல வரும், நாளுக்கு நாள் ஏறி இறங்கும். பின்வருபவை அந்த வகையில்லை: திடீர்க் குழப்பம், வலிப்பு, ஒரு பக்கம் கை கால் தளர்தல், முகம் கோணுதல், பேச்சுக் குழறுதல். இவற்றுக்கு உடனே 995 என்ற அவசர ஆம்புலன்ஸ் எண்ணை அழையுங்கள். காலையில் மோசமாகி வாந்தியோடு வரும் தலைவலி நாளுக்கு நாள் கூடினால் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். புற்றுநோய் மூளைக்குப் பரவுவது, மார்பகப் புற்றுநோயின் வகைகளான ஹெர்2 வகையிலும் மும்மறை வகையிலும் (டிரிபிள் நெகட்டிவ்) கூடுதலாக நிகழ்கிறது. கீமோ நடக்கும் காலத்தில் 38 டிகிரி அல்லது அதற்கு மேல் காய்ச்சல் வந்தால், அதிலும் குழப்பத்தோடு வந்தால், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். எலும்புக்குப் பரவியவர்களுக்கு அதிக தாகம், மலச்சிக்கல், குழப்பம் சேர்ந்து வந்தால் இரத்தத்தில் கால்சியம் ஏறியிருக்கலாம்.

வீட்டில்: நினைவை வெளியே வையுங்கள்

வல்லாரை, பாதாம், சுடோகு. மறதி என்றதும் உறவினர்கள் கொண்டுவரும் மூன்றும் இவைதான். பாதாம் நல்ல உணவு, சாப்பிடலாம். சுடோகு போட்டால் சுடோகுவில் தேர்ச்சி வரும். அது மருந்து நேரத்தை நினைவில் வைக்காது. வல்லாரைக் கீரையைச் சமைத்துச் சாப்பிடுவது வேறு, அதை மாத்திரையாக விழுங்குவது வேறு. மாத்திரை என்றால் மருந்தாளரிடம் கேட்ட பிறகுதான். ஜிங்கோ மாத்திரையைக் கீமோ காலத்தில் 60 மில்லிகிராம் வீதம் நாளுக்கு இருமுறை கொடுத்து ஆய்வு செய்தே பார்த்தார்கள், மந்தத்தைத் தடுக்கவில்லை. இரத்தத் தட்டணுக்கள் குறைந்திருக்கும்போது இரத்தக்கசிவு அபாயம் வேறு.

பயன் தருவது, நினைவில் வைக்கும் வேலையையே குறைப்பது.

மருந்துக்கு ஏழு நாள், காலை மாலை என்று பிரித்த மருந்துப் பெட்டி. ஞாயிறு மாலை நிரப்ப ஒரு நேரம் ஒதுக்குங்கள். நிரப்பும்போது தொலைக்காட்சி வேண்டாம். பெட்டி இருந்தால் “சாப்பிட்டேனா?” என்ற கேள்விக்கு நினைவு தேவையில்லை, கண் போதும். டமாக்ஸிஃபென் ஒருநாள் தவறினால் மறுநாள் இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது. கேபசிடபின் என்ற கீமோ மாத்திரை வழக்கமாக 14 நாள் உட்கொண்டு 7 நாள் நிறுத்த வேண்டியது. நிறுத்தும் நாளை நாட்காட்டியில் சிவப்பில் குறியுங்கள், ஏனென்றால் இங்கே ஆபத்து மறப்பதில் மட்டுமில்லை, மறந்துபோய்த் தொடர்வதிலும் இருக்கிறது. டாஸிடேக்ஸலுக்கான டெக்ஸாமெதசோன் வழக்கமாக முந்தைய நாளே தொடங்கும். அது தவறிப்போனால் மறைக்காமல் தாதியிடம் சொல்லிவிடுங்கள். அதைத் தவறவிட்டால் ஒவ்வாமையும் உடலில் நீர் கோர்ப்பதும் அதிகமாகலாம்.

எழுதுவது ஓர் இடத்தில் மட்டும். ஒரு குறிப்பேடு அல்லது கைத்தொலைபேசி நாட்காட்டி, ஏதாவது ஒன்று. குளிர்பதனப் பெட்டியில் ஒட்டிய தாள், வாட்ஸ்அப் குறிப்பு, கைப்பையில் ஒரு சீட்டு என்று சிதறினால் எங்கே எழுதினோம் என்பதே இன்னொரு நினைவுச் சுமையாகிவிடும். அரசாங்க மருத்துவமனைச் சந்திப்புகள் ஹெல்த்ஹப் செயலியில் தெரியும். நெருங்கிய ஒருவருக்கும் அதைப் பார்க்கும் அனுமதி தரலாம்.

சமையலில் அடுப்பில் ஏதும் இருக்கும்வரை சமையலறையை விட்டு நகர்வதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். நகர்ந்தே ஆகவேண்டும் என்றால் அணைத்துவிட்டுப் போங்கள். நேரமானதும் தானே அணையும் மின்னடுப்பு நல்ல செலவு. காய் நறுக்குவது முதல் நாள் மாலை, தாளிப்பது காலை என்று பிரித்தால் மூன்று வேலை ஒரே நேரத்தில் மோதாது.

அதிகம் பேசப்படாத ஒன்று மோசடி அழைப்பு. “உடனே செய்யுங்கள், இல்லாவிட்டால் கணக்கு முடங்கும்” என்று அவசரப்படுத்துவது, வேகம் குறைந்த மூளையைத்தான் முதலில் வீழ்த்தும். அழைப்பில் இருக்கும்போது ஓடிபி எண்ணையோ சிங்பாஸ் அனுமதியையோ தருவதில்லை என்பதைக் குடும்பச் சட்டமாக்குங்கள். அழைப்பைத் துண்டித்துவிட்டு மோசடித் தடுப்பு உதவி எண்ணான 1799க்கு அழைத்துக் கேட்கலாம். வங்கிச் செயலியில் நாள் ஒன்றுக்கான பரிமாற்ற வரம்பையும் குறைத்து வையுங்கள்.

உடற்பயிற்சியும் பயிற்சித் திட்டங்களும்

வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடற்பயிற்சி என்பது புற்றுநோயிலிருந்து மீண்டவர்களுக்கான பொதுப் பரிந்துரை. அது சோர்வைக் குறைக்கும் என்பதற்கு வலுவான சான்று இருக்கிறது. அறிதிறனுக்கான சான்று அந்த அளவுக்கு இல்லை, ஆனாலும் பயன் பக்கமே சாய்கிறது. பத்து நிமிடமாகப் பிரித்து வீவக அடுக்குமாடியைச் சுற்றி நடந்தாலும் கணக்கில் சேரும். வெயில் ஏறும் முன் நடங்கள். இதயத்தைப் பாதிக்கக்கூடிய டாக்ஸோரூபிசின் அல்லது டிராஸ்டுஸுமாப் பெற்றவர்கள் இதயத்தின் நிலையை மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது. பாதம் மரத்துப்போனவர்களுக்குச் சமதரையும் பிடிப்புள்ள காலணியும் வேண்டும்.

கணினிவழிப் பயிற்சியில் எதிர்பார்ப்பை அளவாக வைத்துக்கொள்ளுங்கள். புற்றுநோயிலிருந்து மீண்ட 242 பேர் வீட்டிலிருந்தே 15 வாரத் திட்டத்தில் பங்கேற்ற ஆஸ்திரேலிய ஆய்வு 2017இல் வெளியானது. பயிற்சி பெற்றவர்கள் தங்கள் அறிதிறன் மேம்பட்டதாகச் சொன்னார்கள். புறச் சோதனைகளில் வேறுபாடு தெரியவில்லை. மெத்தில்ஃபெனிடேட், மொடாஃபினில் ஆகிய விழிப்பூட்டும் மருந்துகளின் முடிவுகள் முன்னுக்குப்பின் முரணாக இருப்பதால் அவை வழக்கமான சிகிச்சை ஆகவில்லை.

சிங்கப்பூர்ப் புற்றுநோய்ச் சங்கம் ஜூரோங் ஈஸ்ட்டில் மறுவாழ்வு நிலையம் நடத்துகிறது. ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் என்பவர் அன்றாட வேலைகளை உங்களுக்கு ஏற்றபடி பிரித்து அமைத்துக் கொடுப்பவர். இந்தக் குறைக்கு அவரே பெரும்பாலும் சரியான ஆள். அவரிடம் அனுப்பும்படி கேளுங்கள்.

வேலைக்குத் திரும்பும்போது

நீக்குப்போக்கான வேலை ஏற்பாட்டுக் கோரிக்கைகளுக்கான முத்தரப்பு வழிகாட்டி நெறிமுறைகள் 2024 டிசம்பர் 1 முதல் நடப்பில் உள்ளன. தகுதிகாண் காலம் முடிந்த ஊழியர் எழுத்துமூலம் கேட்கலாம். முதலாளி இரண்டு மாதத்துக்குள் எழுத்துமூலம் பதில் சொல்ல வேண்டும். கோரிக்கையில் தேதி, கேட்கும் ஏற்பாடு, எவ்வளவு நாளுக்கு, எதற்காக என்பவை இருக்கட்டும். ஏற்றே ஆகவேண்டும் என்ற கட்டாயம் முதலாளிக்கு இல்லை. மறுத்தால் தொழில்சார்ந்த நியாயமான காரணம் சொல்ல வேண்டும்.

“எனக்கு மறதி” என்று எழுத வேண்டாம். அது மேலாளருக்கு எந்த வழியும் காட்டாமல் சந்தேகத்தை மட்டும் விதைக்கும். தேவையை எழுதுங்கள்: முதல் மூன்று மாதம் வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை, கணக்குச் சரிபார்ப்பு போன்ற கவனம் கேட்கும் வேலை காலை பத்து முதல் பன்னிரண்டுவரை, அந்த நேரத்தில் கூட்டம் வேண்டாம், வாய்மொழி உத்தரவைத் தொடர்ந்து இரண்டு வரி மின்னஞ்சல். முழு நாள் வேலையில் ஒரே மூச்சாகக் குதித்து ஆறு வாரத்தில் துவண்டுபோவதைவிட அரை நாளில் தொடங்கி ஏற்றுவது நல்லது.

குடும்பத்தாருக்கு

“அதான் நேத்தே சொன்னேனே!” என்ற ஒரு வரியை மட்டும் நிறுத்தினாலே வீட்டில் பாதி இறுக்கம் தளரும். டிவி ஓடும்போது, அடுத்த அறையிலிருந்து, மூன்று விஷயங்களை ஒன்றாகச் சொல்லாதீர்கள். முன்னால் வந்து ஒன்றைச் சொல்லி முடியுங்கள். சொல் வராமல் தவிக்கும்போது சில விநாடி பொறுத்துவிட்டு எடுத்துக் கொடுங்கள். தமிழும் ஆங்கிலமும் கலந்து பேசுகிற வீட்டில், இரண்டில் எது எளிதாக வருகிறதோ அதில் பேசட்டும்.

எப்போது மேற்கொண்டு கேட்பது

சிகிச்சை முடிந்து ஆறு மாதமாகியும் முன்னேற்றமே இல்லை, அல்லது மேம்பட்டு மீண்டும் மோசமாகிறது என்றால் நரம்பியல் உளவியலாளரிடம் அனுப்பும்படி கேளுங்கள். பல மணி நேரம் எடுக்கும் விரிவான சோதனை அது; எந்தத் திறன் குறைந்திருக்கிறது, எது குறையவில்லை என்று பிரித்துக் காட்டும். சந்திப்புப் பதியும்போதே எந்த மொழியில் சோதனை நடக்கும் என்று விசாரித்து, தமிழில்தான் நன்றாக யோசிப்பீர்கள் என்றால் அதையும் சொல்லிவிடுங்கள். தடுமாறும் ஆங்கிலத்தில் எழுதிய சோதனையில் குறைந்த மதிப்பெண் வந்தால், குறை மொழியிலா கவனத்திலா என்று பிறகு பிரிக்க முடியாது. முந்தைய இரண்டு வாரம் எந்த நேரத்தில், எந்த வேலையில், எத்தனை மணி நேரத் தூக்கத்துக்குப் பிறகு தடுமாறினீர்கள் என்று எழுதி எடுத்துச் செல்லுங்கள். கண்ணாடி, கேட்புக் கருவி, மருந்துப் பட்டியல், கூடவே வீட்டிலிருந்து ஒருவர். சந்திப்பைக் காலை நேரத்துக்குக் கேளுங்கள்.